வாயிலிருந்து கையை எடுங்கள்

போன இதழில் ஒரு பதிலின் கடைசியில் சும்மா கேட்டு வைத்தேன், "கடைசியாக எப்போது சத்தம் போட்டுச் சிரித்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்று. அதற்கு வந்த கடிதங்களே இந்த முறை மேசையை அடைத்துக்கொண்டன. ஆகவே மாடி வீட்டுக்காரருடன் தண்ணீர்ச் சண்டை, மருமகன் வாங்கிய கடன் எல்லாம் அடுத்த இதழுக்கு. எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது. ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என் சிரிப்பு நாலு வகுப்பு தள்ளிக் கேட்கும். கல்யாணமான புதிதில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது பலமாகச் சிரித்துவிட்டேன். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, தெருவுக்கே கேக்குது" என்றார். திட்டக்கூட இல்லை, அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தே பழகிவிட்டது. மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது, இப்போது தடுக்க யாரும் இல்லை, ஆனால் சத்தம் வரவே மாட்டேன் என்கிறது. தோள் மட்டும் குலுங்குகிறது. போன வாரம் என் மகள், "ஏம்மா நீ எப்பவும் ம்யூட்லயே சிரிக்கிற?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. திரும்பப் பழக முடியுமா?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: முடியும் தங்கச்சி. சொல்லப்போனால் உங்கள் சிரிப்பு எங்கேயும் போகவில்லை. தோள் குலுங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுதான் சிரிப்பு. சிரிப்பு முக்கால்வாசி மூச்சின் வேலை. விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தசைகளும் உதரவிதானமும் சேர்ந்து மூச்சை வெட்டி வெட்டி வெளியே தள்ளுகின்றன, அது குரல்வளையைத் தாண்டும்போது "ஹ... ஹ..." என்று சத்தமாகிறது. உங்களுக்குக் கீழே மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, மேலே குழாயை மட்டும் இறுக்கி மூடி வைத்திருக்கிறீர்கள். இத்தனை வருடம் மூடியே இருந்ததில் அது திறக்கிற குழாய் என்பதே மறந்துபோய்விட்டது.

"தெருவுக்கே கேக்குது." மூன்றே வார்த்தை கூட இல்லை, பாருங்கள். எங்கள் வீட்டிலும் சிரிப்புக்கு ரேஷன் உண்டு. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து ஊர் கேட்கச் சிரித்தால் "பெரியவர் இன்னைக்கு நல்ல குஷியில இருக்கார்" என்பார்கள், அத்தை கிணற்றடியில் சிரித்தால் "பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு" என்று பழமொழி வந்து விழும். புகையிலையை விரித்து வைத்தால் காய்ந்து காரம் போய்விடும், சரி, பொம்பளை சிரித்தால் என்ன போகும் என்று எட்டு வயதில் நான் கேட்டேன். பதிலுக்கு ஒரு குட்டு கிடைத்தது. பாஞ்சாலி சிரித்ததால்தான் பாரதப் போரே வந்தது என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நாட்டையும் தம்பிகளையும் கட்டின மனைவியையும் பகடையில் வைத்து ஆடியவரைப் பற்றி அவர்கள் வாயில் ஒரு வார்த்தை வராது.

நம்மூரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 2014-இல் துருக்கியின் துணைப் பிரதமராக இருந்த புலந்த் அரின்ச், பெண் என்றால் நாலு பேர் நடுவில் சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது என்று மேடையில் பேசினார். அந்த ஊர்ப் பெண்கள் அவரிடம் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, பல் தெரிய, வாய் திறந்து சிரிக்கும் படங்களை எடுத்து ட்விட்டரில் வரிசையாகப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். இதைவிட நல்ல பதில் எனக்கு இன்னும் தோன்றவில்லை.

உங்கள் மாமியாரை நான் குறை சொல்லவில்லை. அவரிடம் அதையே யார் சொன்னார்களோ.

இனி காரியத்துக்கு வருவோம். முதலில் கையைக் கவனியுங்கள். சிரிப்பு கிளம்புவதற்கு முன்னாலேயே கை வாய்க்குக் கிளம்பிவிடும், அது பழக்கதோஷம். அதனால் கைக்கு வேறு வேலை கொடுங்கள். மகளை எதிரே உட்காரவைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேசுங்கள், ஈரக் கீரையோடு யாரும் வாயைப் பொத்த மாட்டார்கள். அடுத்தது உதடு. உதட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு சிரித்தால் மூச்சு மூக்கு வழியாக ஓடிவிடும், சத்தம் எங்கிருந்து வரும்? வாய் கொஞ்சம் திறந்திருக்கட்டும். மூச்சைப் பிடிக்க வேண்டாம். தோள் குலுங்க ஆரம்பித்ததும் ஒரே ஒரு "ஹா" மட்டும் வெளியே விடுங்கள், அன்றைக்கு அது போதும். கூச்சமாக இருந்தால் மிக்ஸி ஓடும்போது விடுங்கள், தெருவுக்குக் கேட்காது.

ஆனால் கண்ணாடி முன்னால் தனியாக நின்று பயிற்சி செய்யாதீர்கள், அது வேலைக்கு ஆகாது. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று ஆராய்ந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள் (அவர்கள் யார் என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்). உங்களுக்குத் தேவை ஆள். ஒரு ஆள் வீட்டிலேயே இருக்கிறாள், நீங்கள் ம்யூட்டில் சிரிக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இன்னொரு ஆளை நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டும். நாலு வகுப்பு தள்ளிக் கேட்ட அந்தச் சிரிப்பை அந்தக் காலத்தில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவள் ஒருத்தி இருப்பாள் இல்லையா, அவளுக்குப் போன் பண்ணுங்கள். அவள் "ஏய்" என்று கூப்பிடுகிற விதத்திலேயே தொண்டைக்குப் பாதி ஞாபகம் வந்துவிடும்.

முதல் முறை சத்தம் வரும்போது அது பழைய சத்தமாக இருக்காது, பயந்துவிடாதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் மேலதிகாரி ஒருவர், "மேடம், இது ஆபீஸ்" என்று ஒருநாள் சொன்னார். இரண்டு வருடம் நானும் ம்யூட்டில்தான் இருந்தேன். அங்கிருந்து வெளியே வந்து பல மாதம் கழித்து சிரிப்பு திரும்பி வந்தபோது வாத்து கத்துவது மாதிரி இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பையன் மட்டும் முதலில் கொஞ்ச நாள் வாத்தைத் தேடினான்.

கேள்வி: எனக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது. வாட்ஸ்அப்பில் ஜோக் வந்தால் "ஹாஹாஹா" என்று டைப் செய்கிறேன், முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. நானும் ஜோக் சொன்னதில்லை, சொன்னாலும் யாரும் சிரித்ததில்லை. நகைச்சுவை உணர்வை வளர்த்துக்கொள்ள என்ன படிக்கலாம்?
— கோவை வாசகர்

பதில்: ஒன்றும் படிக்க வேண்டாம். ராபர்ட் ப்ரொவைன் என்று ஒரு அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் இருந்தார். மேலே சொன்ன 30 மடங்குக் கணக்கு அவருடையதுதான். சிரிப்பை ஆய்வுக்கூடத்தில் பிடிக்க முடியவில்லை என்று, 1990-களில் தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு வணிக வளாகங்களிலும் கல்லூரிகளிலும் போய் நின்றுகொண்டு, ஜனங்கள் எதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொண்டார். (நம்மூர் டீக்கடையில் இது தினசரி நடப்பது, என்ன, நாம் குறித்துக்கொள்வதில்லை.) 1,200 சிரிப்பு சேர்ந்தது. அதில் ஜோக் மாதிரி எதற்காவது வந்த சிரிப்பு நூற்றுக்கு 10-லிருந்து 20-க்குள். மற்றதெல்லாம் "சரி, அப்புறம் பாக்கலாம்", "நிஜமாவா?" போன்ற பேச்சுக்கு வந்தவை. இன்னொரு வேடிக்கை, கேட்கிறவரைவிடப் பேசுகிறவர்தான் அதிகமாகச் சிரித்திருக்கிறார்.

தொல்காப்பியர் இதற்கு எவ்வளவோ காலம் முந்தியவர். மனதில் எழுவது உடம்பில் தெரிகிற எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது அவர் முதலில் வைப்பது நகையை, அதாவது சிரிப்பைத்தான், அது பிறக்கிற இடம் நாலு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அதாவது கிண்டல், குழந்தைத்தனம், தெரியாமல் எதையோ செய்து வைப்பது, சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. பட்டியலில் ஜோக் இல்லை, கவனித்தீர்களா? எங்கள் பெரியப்பா, செல்போனில் வழி சொல்லும் குரல் "யூ டர்ன் எடுங்கள்" என்றதும் ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில் அம்பாசிடரைத் திருப்ப ஆரம்பித்தார், இரண்டு பக்கமும் பஸ் நின்றுவிட்டது. மடன் என்றால் என்ன என்று பத்து உரையாசிரியர்கள் விளக்கினாலும் எனக்கு அந்தப் பாலம்தான் ஞாபகம் வரும். அன்றைக்கு வண்டிக்குள் நாங்கள் ஏழு பேர் சிரித்த சிரிப்பில் பெரியம்மாவுக்குப் புரையேறிவிட்டது. இப்படி நடக்கிற இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பை மூடிவிட்டு சாயங்காலம் யாரோடாவது டீ குடிக்கப் போங்கள். ஜோக்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அல்லது டீ மாஸ்டர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: வயது 26. ஓசூரில் வேலை. சின்ன வயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கறை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான், அதனால் பள்ளிக்கூடத்தில் தெரியவில்லை. வெளியே வந்த பிறகுதான் "பல்லே விளக்க மாட்டியாடா?" என்று கேட்கிறார்கள். க்ரூப் போட்டோவில் உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறேன். சிரிப்பு வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறேன்.
— தர்மபுரி மாவட்டம்

பதில்: தம்பி, நீங்கள் பல் விளக்கவில்லை என்று கேட்டவரிடம் உங்கள் ஊர்க் கிணற்றைக் காட்டுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பாறைகளிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, அங்கே பல ஊர்களில் அதைத் தாண்டியிருந்தது. பால்பல் விழுந்து முளைக்கும் பல் ஈறுக்குள் உருவாகிற காலத்தில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லின் மேல்பூச்சே கறையோடுதான் உருவாகும். அது அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது. செங்கல் பொடி, உப்பு, எலுமிச்சை என்று யார் எதைச் சொன்னாலும் கேட்காதீர்கள், இருக்கிற பூச்சும் தேய்ந்து பல் கூச ஆரம்பிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தக் காரணத்துக்காகத்தான், 2013-இல் அது ஓட ஆரம்பித்தது. அதற்கு முன்னால் வளர்ந்தவர் நீங்கள், உங்கள் தப்பு இதில் துளியும் இல்லை.

லேசான கறை என்றால் பல் மருத்துவர் மேல்பகுதியை மெல்லியதாகச் சுரண்டி எடுத்து மெருகு போட்டுவிடுவார். அடர்த்தியான கறைக்குப் பல்லின் நிறத்திலேயே பூச்சு வைப்பார்கள், அல்லது மெல்லிய ஓடு ஒட்டுவார்கள், அதற்குச் செலவு கூடுதல். எடுத்தவுடனே ஓட்டுக்குப் போக வேண்டாம், முதலில் அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டி எது உங்களுக்குப் போதும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். செய்துகொள்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் பல்லைச் சரிபண்ணின பிறகு சிரித்துக்கொள்ளலாம் என்று சிரிப்பை டெபாசிட்டில் போட்டு வைக்காதீர்கள். நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கும்போது எதிரில் இருப்பவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருப்பார், பல் பார்க்க அவருக்கு ஏது நேரம்? குனிந்து உதட்டை மூடும்போதுதான் "இவன் எதை மறைக்கிறான்" என்று பார்ப்பார்கள். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பழைய வகுப்புக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வாயைத் திறந்து ஒரு போட்டோ எடுங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் நான். 34 வருடம் மாணவர்கள் முன்னால் சிரிக்காமல் இருந்தே பெயர் வாங்கினேன். இப்போது வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் காலையில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்று கையைத் தட்டி "ஹோ ஹோ ஹா ஹா ஹா" என்கிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். பொய்யாகச் சிரிப்பது எனக்கு நடிப்பாகத் தோன்றுகிறது. சேரலாமா?
— மதுரை

பதில்: ஐயா, இந்த வழக்கத்தை ஆரம்பித்தவர் மதன் கட்டாரியா என்ற மும்பை மருத்துவர். 1995 மார்ச்சில் அந்தேரியில் ஒரு பூங்காவில் ஐந்து பேரோடு ஆரம்பித்தார். முதலில் அவர்களும் நேர்மையாகத்தான் இருந்தார்கள், தினமும் ஒருவர் நடுவில் வந்து ஜோக் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். சுமார் இரண்டு வாரத்தில் நல்ல ஜோக்கெல்லாம் தீர்ந்துபோய் ஆபாச ஜோக் வர ஆரம்பித்தது, முகம் சுளிப்பு, மனவருத்தம். கடையை மூடுவதற்குப் பதிலாக, ஜோக்கே இல்லாமல் சிரித்துப் பார்ப்போம் என்று அவர் திருப்பிவிட்டதுதான் நீங்கள் பூங்காவில் பார்ப்பது. பொய்ச்சிரிப்பும் நிஜச்சிரிப்பும் உடம்புக்கு ஒன்றுதான் என்பது அவர் கட்சி. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். "வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்" என்று நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு, நீங்கள் அப்படிச் செய்துவிட வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பார் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் செய்த சோதனை ஒன்றை வேண்டுமானால் நம்பலாம்: சேர்ந்து உட்கார்ந்து சிரித்தவர்கள், அதற்கப்புறம் கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கும்போது முன்னைவிட அதிகமாக வலி தாங்கினார்கள். வலியைத் தணிக்க உடம்பே தனக்குள் சுரக்கும் எண்டார்ஃபின் என்ற ரசாயனம்தான் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் முடிவு.

போங்கள் ஐயா. முதல் ஐந்து நிமிடம் நடிப்புதான். ஆறாவது நிமிடத்தில் எதிரே நிற்கும் ரிடையர்டு தாசில்தார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "ஹோ ஹோ" என்பதைப் பார்த்து உங்களுக்கு நிஜச்சிரிப்பு வந்துவிடும், யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். பழைய மாணவன் எவனாவது அந்த வழியாக நடந்து போனால் அவன் பாடு, அவன் ஒரு மாதத்துக்கு இதையே சொல்லிக்கொண்டிருப்பான். குடலிறக்கமோ, சமீபத்தில் வயிற்றில் அறுவை சிகிச்சையோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து காபி குடிக்கப் போவார்கள், அதைத் தவறவிடாதீர்கள், உண்மையான வேலை நடப்பது அங்கேதான். "நகல்வல்லர் அல்லார்க்கு" என்று தொடங்கும் 999-ஆவது குறளை நீங்கள் எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பீர்கள்? பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவருக்குப் பட்டப்பகலும் இருட்டு என்று பரிமேலழகர் உரையோடு சொல்லிக்கொடுத்துவிட்டு வகுப்பில் சிரிக்காமலேயே நின்றீர்களா?

கேள்வி: இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு பலமாகச் சிரித்தாலோ இருமினாலோ சிறுநீர் கசிந்துவிடுகிறது. அந்தப் பயத்தில் சிரிப்பு வரும் இடத்துக்கே போவதில்லை. யாரிடம் சொல்வது?
— ஈரோடு

பதில்: இதை எழுதியதற்கு நன்றி. இதே கடிதத்தை எழுத நினைத்து எழுதாமல் இருக்கும் பெண்கள் நிறையப் பேர் உண்டு. பிரசவத்தில் இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்துபோவதால் வருவது இது, மருத்துவர்களுக்கு மிகவும் பழக்கமான பிரச்சினை. மூத்திரத்தை அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குவீர்களோ அதைச் சில விநாடி இறுக்கி, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு எட்டுப் பத்து முறை, தினம் மூன்று வேளை. உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், பஸ்ஸில் கூடச் செய்யலாம், பக்கத்து சீட்டுக்குத் தெரியாது. மூச்சை அடக்காமல் செய்யுங்கள், சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகாதீர்கள். பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். சிரிப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் அந்தத் தசையை ஒரு நொடி முன்னாலேயே இறுக்கிக்கொள்வது இன்னொரு வித்தை. ஆனால் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், சரியான தசையைத்தான் இறுக்குகிறீர்களா என்று அவர் அல்லது பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்வார். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். அதுவரை ஒரு பேடு வைத்துக்கொண்டு சிரிப்பு வரும் இடத்துக்குத் தாராளமாகப் போங்கள்.

கேள்வி: பெரியம்மா இறந்த வீட்டில் எனக்கும் தங்கைக்கும் அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட்டது. ஒப்பாரி வைத்த பாட்டி நடுவில் நிறுத்தி, "ஃபேனைக் கூட்டி வைங்கடி" என்றார், அதில் ஆரம்பித்தது. இன்னும் குற்றவுணர்ச்சியாக இருக்கிறது.
— தஞ்சாவூர்

பதில்: துக்கம் மண்டையில் ஏறி உட்கார்ந்திருக்கும்போது சிரிப்பு இப்படித்தான் இடுக்கு பார்த்து வெளியே வரும். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தோள் குலுங்க இருந்திருப்பீர்கள், பார்த்தவர்கள் நீங்கள்தான் அதிகமாக அழுதீர்கள் என்று நினைத்திருப்பார்கள். பெரியம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்த ஃபேன் விஷயத்துக்கு முதலில் சிரித்திருப்பாரா மாட்டாரா, அதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: எல்லோரும் சிரிக்க முடியவில்லை என்று எழுதுவீர்கள், என் பிரச்சினை வேறு. என் கணவர் தியேட்டரில் சிரித்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். மெதுவாகச் சிரிக்கச் சொல்லலாமா?
— சென்னை

பதில்: சொல்வதற்கு முன்னால் திருச்சிக்காரரின் கடிதத்தை இன்னொரு முறை படித்துவிடுங்கள். அப்புறமும் வெட்கமாக இருந்தால் இரண்டு சீட் தள்ளி உட்காருங்கள். போகும்போது பாப்கார்னை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், அவர் மடியில் இருந்தால் பாதி தரைக்குத்தான்.